பிச்சியும் கேந்தியும்

செவல்கரையில் பூக்களை விட்டு மணம் போன கதையை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோயில் பட்டர் கோயிலிலிருந்து தொடங்குவார், மண்டபத்து வாட்ச்மேன் மண்டபத்திலிருந்து தொடங்குவார், மலையில் தேனெடுக்கிறவர் தேன்கூட்டிலிருந்து தொடங்குவார். ஆனால் அது தொடங்கியது அங்கெல்லாம் இல்லை. தபாலாபீஸ் தெருவில் ஆவுடைத்தங்கம் என்கிற பெண்ணின் வீட்டுப் புறவாசலில், குளியலறைச் சுவரைப் பிடித்து ஏறியிருந்த ஒரு பிச்சிக்கொடியில் தொடங்கியது.

அந்தப் புறவாசல் பெரிய தோட்டமில்லை. நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். வாசற்படியை ஒட்டி நந்தியாவட்டை நின்றது, மணமே இல்லாததால் யாரோடும் பகையில்லாமல். அதற்கடுத்து பவளமல்லி, விடிகிற நேரத்தில் வந்து சொல்லாமல் போகிற விருந்தாளி மாதிரி மணந்துவிட்டு, வெயில் ஏறுமுன் தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். பவளமல்லியை ஆவுடைத்தங்கத்துக்குப் பிடிக்கும், அதன் பக்கத்தில் நின்ற நிலச்சம்பங்கியைப் பிடிக்கவும் பிடிக்காது, பிடிக்காமலும் இல்லை. அவளுக்கு ஆகாதது துலுக்கச்சாமந்தி என்கிற கேந்திப்பூவின் வாடைதான். பச்சிலையைக் கசக்கி மருந்துக் குப்பிக்குள் போட்டு மூடி வைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்தது போல ஒரு வாடை. அவளுக்கு உயிராக இருந்தது பிச்சி. ஆனால் தோட்டத்தில் நல்ல வெயில் விழுகிற நடு இடமெல்லாம் கேந்திக்குத்தான். பிச்சி கடைக்கோடியில், சோப்புத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் வேர்விட்டு வளர்ந்தது.

அதற்குக் காரணம் அவள் புருசன் சிவசைலம். தபாலாபீஸில் ஸ்டாம்பு கவுண்டரில் இருந்தவர். பிச்சி மணம் மூக்கில் பட்டால் அவருக்கு ஒற்றைத் தலைவலி வந்துவிடும். கல்யாணத்தன்று மாலை, கார் வீட்டு வாசலில் வந்து நின்றதுமே, "அந்தப் பூவ எடுத்து எறிஞ்சுட்டு உள்ள வா, மண்டையப் பொளக்குது" என்றார். அன்று காலை ஒன்பது மணிக்கு வைத்த பூவை மாலை ஐந்து மணிக்கு எடுத்தாள், அதன்பிறகு பத்தொன்பது வருசம் வைக்கவில்லை. கல்யாணமான மறுவருசம் அவள் அண்ணன் ஆறுமுகநயினார் கடையத்திலிருந்து ஒரு பிச்சிப் பதியனை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தபோது, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நட முடியுமோ அவ்வளவு தள்ளி நட்டுக்கொண்டாள். சாயங்காலமானால் மொட்டுப் பறித்துத் தெருப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவாள். அவர்கள் தலையில் ஏறி அவளுடைய மணம் தெருவை விட்டுப் போகும். பிறகு ஒருநாள் சிவசைலம் கவுண்டரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கூட வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்து போட்ட கேந்தி மாலைகளுக்குள் அவர் முகம் தெரியாமல் போய்விட்டது. ஐஸ் பெட்டியின் குளிரோடு கலந்த அந்த வாடை வீட்டை விட்டுப் போக மூன்று மாதம் ஆயிற்று. அவ்வளவுதான் வித்தியாசம்: முன்பு புருசனுக்குத் தலைவலி என்று பூ வைக்கவில்லை, பின்பு புருசன் இல்லை என்று பூ வைக்கவில்லை.

எட்டாவது திவசம் ஆனி மாதத்தில் வந்தது. காக்கைக்குச் சோறு வைத்து, படத்துக்குக் கேந்தி மாலை போட்டு, வந்தவர்களுக்கு இலை போட்டு, எல்லாரும் போன பிறகு, ஆவுடைத்தங்கம் புறவாசலுக்குப் போய் இரண்டு கை நிறைய பிச்சி மொட்டுகளைப் பறித்து, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அழவில்லை. வேறெதுவும் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் காலை செவல்கரையில் எந்தப் பூவுக்கும் மணமில்லை.

பூக்கள் பூக்காமல் இல்லை; நிறம் குறையவில்லை, இதழ் வாடவில்லை. மூக்கில் வைத்தால் வெறும் ஈரம் மட்டும் இருந்தது. பட்டர் தனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று மிளகு ரசம் வைத்துக் குடித்தார். பேருந்து நிலையத்தில் பூ விற்கிற முப்பிடாதியிடம் வாங்கியவர்கள் எல்லாரும் திரும்ப வந்து, "என்ன முப்பிடாதி, நேத்தய பூவத் தண்ணி தெளிச்சு விக்கியா?" என்று சண்டை போட்டார்கள். அவள் தென்காசிச் சந்தையிலிருந்து புதுப்பூ வரவழைத்தாள். அது ஆற்றுப் பாலம் வரைக்கும் கூடையில் மணந்துகொண்டு வந்து, பாலத்தைத் தாண்டியதும் விளக்கை அணைத்தது போல நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் ஒரு வாரம் பேசினார்கள், அடுத்த வாரம் பூவின் மேல் அத்தர் தெளித்துக் கொண்டார்கள், மூன்றாவது வாரம் அதற்கும் பழகிவிட்டார்கள்.

நாலாவது வாரம் ரேஷன் கடை வரிசையில் ஆவுடைத்தங்கம் வந்து நின்றபோது, முன்னால் நின்ற பதினேழு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையில் பூவில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை, சாயம்போன சாம்பல்நிறச் சேலை. ஆனால் ஒரு ஊரின் பிச்சிப்பூவெல்லாம் ஒரே இடத்தில் மலர்ந்தது போல அவளிடமிருந்து மணம் எழுந்து கடையின் தகரக் கூரையில் முட்டியது. அவள் பின்னாலேயே பத்துப் பதினைந்து தேனீக்கள் வந்துகொண்டிருந்தன. முப்பிடாதிதான் வரிசையை விட்டு வந்து, அவள் தோளிலும் கழுத்திலும் பிடரியிலும் முகர்ந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்.

"ஏ தங்கம், எங்க பொழப்பெல்லாம் உன் மேலதான் இருக்கு."

"என் மேல என்ன இருக்கு?"

"பிச்சி. உனக்குத் தெரியலையா?"

ஆவுடைத்தங்கம் தன் கையை முகர்ந்தாள், முந்தானையை முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஊரே தலை கிறங்கி நின்ற அந்த மணம் அவள் ஒருத்திக்கு மட்டும் எட்டவில்லை. கடைசிவரைக்கும் எட்டவே இல்லை.

சிவசைலத்தின் அண்ணன் குத்தாலிங்கத்தின் மனைவி உலகம்மாள் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள். "அறுதலி பூவத் தொட்டா பூவுக்கு ஆவுமா?" என்றாள். ஒரு மாதத்துக்கு ஊர் அதை நம்பியது. ஆவுடைத்தங்கம் நடந்த தெருவில் கதவைச் சாத்தினார்கள். ஆனால் ஆவணி பிறந்தது, முகூர்த்தங்கள் வந்தன, மணமில்லாத மாலையைப் போட்டுக்கொண்டு மணமில்லாத மேடையில் உட்கார்ந்த முதல் மாப்பிள்ளையின் தாயார், "இது என்ன கல்யாண வீடா, கவர்மெண்டு ஆபீஸா?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கே நாலு பேர் குத்தாலிங்கத்தைத் தேடி வந்தார்கள். அவர்கள் கேட்டது இதுதான்: ஆவுடைத்தங்கத்தைக் கூப்பிட வேண்டும், ஆனால் அவள் வரக்கூடாது.

குத்தாலிங்கம் யோசித்து ஒரு வழி சொன்னார். மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் சரக்கு அறை இருக்கிறது, அதற்கும் மேடைக்கும் நடுவில் ஜன்னல் இருக்கிறது. அவள் கொல்லைப்பக்கமாக வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளட்டும், தாலி கட்டி முடிந்ததும் கொல்லைப்பக்கமாகவே போகட்டும். யார் கண்ணிலும் படமாட்டாள். ஆனால் மணம் சபைக்கு வந்துவிடும்.

அப்படித்தான் எட்டு வருசமாக எந்த நல்ல காரியத்துக்கும் பத்திரிகை வராத ஆவுடைத்தங்கம் அந்த ஆவணியில் ஆறு கல்யாணங்களுக்குப் போனாள். அரிசி மூட்டைகளுக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவில் உட்கார்ந்து, கெட்டிமேளத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள். முதல் கல்யாணத்தில் அவளுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. நாலு பேருக்கு வேண்டியவளாக இருக்கிறோமே என்று இருந்தது. மூன்றாவது கல்யாணத்தில் கல்யாணப் பெண் சரக்கு அறைக்குள் எட்டிப் பார்த்து, "அத்த, நல்லாருக்கு அத்த" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அதை நினைத்துக்கொண்டு அன்று முழுவதும் பிச்சியாய் மணந்தாள்.

அவள் மனசு எப்படியோ அப்படித்தான் மணம் என்பது ஊருக்குப் புரட்டாசியில் புரிந்தது. மனசு குளிர்ந்திருந்தால் பிச்சி, சும்மா இருந்தால் பவளமல்லி, துக்கம் வந்தால் கேந்தி. அவளுக்கே தெரியாததால் முப்பிடாதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். பூக்கூடையில் இப்போது காய்கறி வைத்து விற்றுக்கொண்டிருந்த முப்பிடாதி, கோபமெல்லாம் ஆறி, தினமும் சாயங்காலம் வந்து எதிரில் உட்காருவாள்.

"இப்ப என்ன வருது?"

"பவளமல்லி."

"இப்ப?"

"என்னத்தயோ நெனச்சிட்ட. கேந்தி அடிக்கி. அத விடு, தங்கம்."

துக்க வீட்டுக்காரர்களும் அவளைக் கூப்பிட்டார்கள். கேந்தி வாடை இல்லாத சாவு வீட்டில் துக்கம் வரவில்லையாம். அங்கே மட்டும் அவளுக்கு முன்வரிசையில், பிணத்தின் தலைமாட்டில், பாய் விரித்து இடம் போட்டார்கள்.

ஊர் அவளைப் பார்த்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். முகூர்த்த நாளுக்கு முந்தின தினம் யாரும் அவளிடம் கெட்ட சேதி பேசக்கூடாது, கடன் கேட்கக்கூடாது, தண்ணீர்க் குழாயில் அவளோடு சண்டை போடக்கூடாது என்று சொல்லாமலே ஒரு சட்டம் வந்தது. பால்பாயசமும் அதிரசமும் வீட்டுக்கு வந்தன. குத்தாலிங்கம் நாள்காட்டித் தாளில் அவளுடைய தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, "எங்க தம்பி பெண்டாட்டியில்லாம இந்த ஊர்ல ஒரு தாலி ஏறாது" என்று டீக்கடையில் பேசினார். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. எல்லாரும் அவளை மகிழ்ச்சியாக வைத்திருந்தார்கள், பால்மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கிற மாதிரி.

இரண்டு வருசம் இப்படிப் போனது. இரண்டாவது வருசம் ஆனிக் கடைசியில் அரிசி ஆலைக்காரர் மகள் கல்யாணம். ஆயிரம் பேரை அழைத்திருந்தார்கள். ஆவுடைத்தங்கம் காலை ஏழு மணிக்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த பாயசத்தைக் குடித்து, மதியம் ஒரு மணிவரை இருந்து வந்தாள். அதற்கு மறுநாள் பகலில் குத்தாலிங்கம் வீட்டுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, செம்பைக் கீழே வைத்தார்.

"தங்கம், ஒரு சேதி. பதறக்கூடாது. உங்க அண்ணன் போயிட்டாரு."

அவளுக்கு முதலில் எங்கே போயிட்டார் என்றுதான் தோன்றியது.

"எப்ப அத்தான்?"

"முந்தாநாள் சாயங்காலம்."

"அப்ப கிளம்புவோம். எத்தன மணிக்கு எடுக்காவ?"

குத்தாலிங்கம் செம்பைப் பார்த்தார். "நேத்து மத்தியானம் எடுத்தாச்சு. நான் போயி மால போட்டுட்டு வந்தேன். உனக்குச் சொல்லப்பிடாதுன்னு இல்ல. ஆலைக்காரவுக கல்யாணம்லா நேத்து. நீ கேட்டா கேந்தி வந்துரும். அவிய ஆயிரம் பேரக் கூப்பிட்டுருக்காவ."

ஆவுடைத்தங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பதியனை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்த அண்ணன். அவரைத் தூக்கிக்கொண்டு போன நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எண்ணிப் பார்த்தாள். பாயசத்தில் முந்திரிப்பருப்பு தூக்கலாக இருந்தது என்று சமையல்காரரிடம் சொன்னது ஞாபகம் வந்தது.

"நேத்து சபையில என்ன மணந்துச்சு அத்தான்?"

"பிச்சிதான்" என்றார் அவர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "என்னைக்கும் இல்லாத மாதிரி. எல்லாரும் அப்படிச் சந்தோசப்பட்டாவ."

அன்றிலிருந்து முப்பது நாள் அவளிடம் கேந்தி வாடை அடித்தது. தபாலாபீஸ் தெருவில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். ஊர் பொறுத்துக்கொண்டது, ஏனென்றால் அது ஆடி மாதம், முகூர்த்தம் எதுவும் கிடையாது.

அந்த ஆடியில்தான் அவள் மகள் லோசனிக்குச் சம்பந்தம் கூடி வந்தது. லோசனிக்கு இருபத்திநாலு வயது, பஜாரில் மருந்துக்கடையில் வேலை. அப்பா போகும்போது அவளுக்குப் பதினாலு. பெரியப்பாவும் பெரியம்மாவும் எப்போது என்ன சொல்வார்களோ என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள், அதனால் யாரோடும் சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. வசதியான இடம். ஆலைக்காரர் கல்யாணத்துக்கு வந்து அந்த மணத்தில் கிறங்கிப் போனவர்கள்தான் பெண் கேட்டு வந்தார்கள். ஆவணி பத்தாம் தேதி முகூர்த்தம் என்று குறித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, சாயங்காலம் கடையிலிருந்து வந்த லோசனி, பையைக்கூட வைக்காமல் புறவாசல் படியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவப்படக்கூடாது."

"சொல்லு மக்ளே."

"மேடையில பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்னு தார வார்த்துக் குடுப்பாவ."

"அது உள்ள வழக்கந்தான. நான் கீழ முதல் வரிசையில ஓரமா உக்காந்துக்கிடுதேன்."

லோசனி நந்தியாவட்டை இலையொன்றைக் கிள்ளி, அதைச் சின்னச் சின்னதாகக் கிழித்தாள்.

"அதில்லம்மா. மாப்பிள்ள வீட்டு அத்த கேட்டாவ. அந்த வாசம் தாலி கட்டுத நேரத்துல வேணுமாம். ஆனா நீங்க முன்னால இருந்தா நாலு பேரு நாலு சொல்லுவாவளாம். எல்லாக் கல்யாணத்துலயும் பின்னாலதான இருக்கிய? அதே மாதிரி இருந்துட்டா நல்லதுங்காவ."

"எல்லாக் கல்யாணமும் என் மக கல்யாணமாட்டீ?"

"ஒரு நாள்தானம்மா." லோசனியின் குரல் உடைந்தது. "அழாம மட்டும் இருங்க. அன்னைக்குக் கேந்தி வந்துட்டுன்னா, நான் அங்க போயி எப்படிம்மா இருப்பேன்?"

அந்தக் குரலில் வெறுப்பு இருந்திருந்தால் ஆவுடைத்தங்கம் பதில் சொல்லியிருப்பாள். இருந்தது பயம். பதினாலு வயதிலிருந்து தன்னைப் பார்த்தே அவள் கற்றுக்கொண்ட பயம் என்று தெரிந்ததால், மகளின் மடியிலிருந்த இலைத்துணுக்குகளைத் தட்டிவிட்டு, "சரி" என்றாள்.

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கு அவள் சரக்கு அறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். துணைக்கு முப்பிடாதியைக் கூட இருக்கச் சொல்லியிருந்தார்கள், என்ன மணம் வருகிறது என்று அவ்வப்போது வெளியே சேதி சொல்ல. வாழையிலைக் கட்டுகள், பூசணிக்காய்கள், எண்ணெய் டின்கள். ஜன்னலுக்கு அப்பால் மேடையின் பின்திரை. அதற்கும் அப்பால் மகளின் குரல் ஒரு தடவை கேட்டது, பிறகு நாதசுரத்தில் அமுங்கிவிட்டது.

"இப்ப என்ன வருது?"

"ஒண்ணுமில்ல" என்றாள் முப்பிடாதி. "பூசணிக்கா வாடதான் வருது."

உலகம்மாள் பட்டுச்சேலை சரசரக்க உள்ளே வந்தாள். அவள் தலையில் மூன்று முழம் பிச்சி இருந்தது, மணமில்லாமல்.

"என்னட்டீ தங்கம் இது? பொண்ணு மேடைக்கு வந்தாச்சு. அங்க ஒரு வாசமும் இல்ல, மாப்பிள்ள அம்மா மொகத்தச் சுழிக்கா. லோசனி சின்னப்பிள்ளையா இருந்தத நெனச்சுப் பாரு. நடந்து பழகுனத நெனச்சுப் பாரு."

ஆவுடைத்தங்கம் நினைத்துப் பார்த்தாள். நந்தியாவட்டைக்கும் வாசற்படிக்கும் நடுவில் லோசனி முதன்முதலாக மூன்று அடி வைத்தாள், நாலாவது அடியில் விழுந்தாள், விழுந்தவள் அழாமல் அம்மா எங்கே என்று திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ நிறுத்து, நிறுத்து!" உலகம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கேந்தி வருது! ஒண்ணையும் நெனைக்காத. சும்மா இரு. கெட்டிமேளத்துக்கு இன்னும் கால்மணி நேரந்தான் இருக்கு. ஒரே ஒரு பிள்ளைக்கு இதக்கூடச் செய்ய மாட்டியா?"

அவள் போன பிறகு ஆவுடைத்தங்கம் கண்ணை மூடிக்கொண்டு நல்லதாக ஒன்றைத் தேடினாள். கல்யாணத்தைத் தேடினாள், அதில் கார் வந்து வாசலில் நின்றது. அண்ணனைத் தேடினாள், அவர் முகத்துக்கு முன்னால் பாயசக் கிண்ணம் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்தபோது, எண்ணெய் டின்களுக்குப் பின்னால், இரண்டு வருசமாகத் தான் வந்து போகிற அந்தத் தகரக் கதவு தெரிந்தது. அதைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் தபாலாபீஸ் தெரு. எப்போதும் இடதுபக்கம்தான் திரும்பியிருக்கிறாள்.

"முப்பிடாதி, வெளிய போயி வலது பக்கம் திரும்புனா எங்க போவும்?"

"வலது பக்கமா? பாலத்துக்குப் போவும். நாரோயில் பஸ் நிக்கும்லா அங்கன. எதுக்கு கேக்க?"

ஆவுடைத்தங்கம் அந்தப் பாலத்தை நினைத்தாள். அதற்கப்பால் தன்னை யாருக்கும் தெரியாத ஒரு தெரு இருக்கும், அங்கே தன் முகத்தைப் பார்த்து யாரும் நாள்காட்டியைப் புரட்டமாட்டார்கள் என்று நினைத்தாள். முப்பிடாதி திடுக்கிட்டு எழுந்து நின்றாள். இரண்டு வருசத்தில் ஒருநாளும் அவள் முகர்ந்திராத ஒரு பிச்சி மணம், அடைமழை நேரத்தில் கண்மாய் உடைந்தது போல அறையை நிறைத்து, ஜன்னல் வழியாகச் சபைக்குள் இறங்கியது. வெளியே ஆயிரம் வாய்கள் ஒரே நேரத்தில் "ஆ" என்றன.

"ஏ தங்கம், என்னத்தட்டீ நெனச்ச?" என்று கேட்டவள், தோழியின் கண் போன இடத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பிறகு எண்ணெய் டின்களைக் காலால் ஒதுக்கி, கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். இடுப்புப் பையை அவிழ்த்து, உள்ளே இருந்ததைப் பார்க்காமலே எடுத்து ஆவுடைத்தங்கத்தின் கையில் திணித்தாள்.

"நான் வெளிய சொல்ல மாட்டேன். போ."

அவள் வாசலைத் தாண்டினபோது கெட்டிமேளம் முழங்கியது. உள்ளே சபை மணத்தில் மூழ்கி நின்றது. வீடியோக்காரர் கேமராவை விட்டுக் கையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மாப்பிள்ளையின் அம்மா, "என்ன இருந்தாலும் பெத்த மனசு பெத்த மனசுதான், எப்படிக் குளுந்திருக்கு பாருங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லி அழுதாள். தாலி கழுத்தில் ஏறியபோது லோசனி பின்திரையை நோக்கிக் கைகூப்பினாள். ஆவுடைத்தங்கம் அப்போது வலதுபக்கம் திரும்பிவிட்டிருந்தாள்.

பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் ஊற்றும்போதுதான் மணம் மெலிவதை ஒருவர் கவனித்தார். குத்தாலிங்கம் போய்ப் பார்த்தபோது ஸ்டூல் மட்டும் இருந்தது.

நாகர்கோவில் பஸ் பாலத்தைத் தாண்டிய உடனே, முன்சீட்டில் இருந்த பெண்ணின் தலையிலிருந்த பிச்சி மணந்தது. ஆவுடைத்தங்கம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நெற்றியைக் கையில் வைத்து, அதை மூச்சு மூச்சாக இழுத்தாள். இரண்டு வருசத்துக்குப் பிறகு அவளுக்கு எட்டிய முதல் பூமணம் அது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே மூக்கை உயர்த்தி, "யாரும்மா இவ்வளவு பூ வச்சிருக்கிய, பஸ்ஸே மணக்கி" என்றார். முன்சீட்டுப் பெண் வெட்கத்தோடு தலையைத் தொட்டுக்கொண்டாள். ஆவுடைத்தங்கம் நிமிர்ந்து, "நான்தான்" என்றாள். கண்டக்டர் அவளுடைய வெறும் தலையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கொடுத்தார்.

நாகர்கோவிலில் ஒரு பெண்கள் விடுதியில் அவள் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரெல்லாம் பூ மணக்கிற இடத்தில் ஒருத்தி கொஞ்சம் கூடுதலாக மணப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செவல்கரையில் பூக்களுக்கு மணம் திரும்பவில்லை. முதலில் அவளைத் தேடினார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு மண்டபத்தில் ஒரு மெஷின் வாங்கி வைத்தார்கள்; அது பத்து நிமிசத்துக்கு ஒருதடவை ரோஜா வாசனையைப் பீய்ச்சும். இப்போது மணமில்லாத ஊர் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமையே இருக்கிறது. பூவில் மணமிருந்தால் தலைவலி வரும் என்கிறார்கள். அந்த ஊரில் புதிதாகப் பிறந்த குழந்தைகள் பாலத்தைத் தாண்டினால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுகின்றன.

லோசனி பத்து மாதம் பேசவில்லை. மறுவீட்டுக்குப் பெரியப்பா வீட்டுக்குத்தான் போனாள். முப்பிடாதியிடம் நம்பர் வாங்கி, அடுத்த ஆனியில் ஒருநாள் பகலில் கூப்பிட்டாள். ஆவுடைத்தங்கம் நூற்றிருபது பேருக்குச் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

அடுப்பைக் குறைத்துவிட்டு ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "சொல்லு மக்ளே. நல்லாருக்கியா?"

"எனக்கு ஏழு மாசம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. நீங்க வரணும்."

ஆவுடைத்தங்கம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபமில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"வாரேன். நான் எங்கன உக்காரணும் மக்ளே?"

மறுமுனையில் ஏதோ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, மிகவும் தணிந்த குரலில், "அத்தகிட்ட கேட்டுச் சொல்லுதேன்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போயிற்று. புரட்டாசியில் பெண்குழந்தை பிறந்ததாக முப்பிடாதி சொன்னாள். குழந்தைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. லோசனி இன்னும் கேட்டுச் சொல்லவில்லை.